கேட்டது பள்ளி, கிடைத்தது வாரியம்

நியூயார்க் நகரத்தின் அரசுப் பள்ளிகளில் இன்று ஏறத்தாழ 9 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பள்ளி நிர்வாகம் கிடையாது. வரைபடத்தில் நகரம் 32 பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஆனால் அந்த மாவட்டங்களுக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. தங்கள் கண்காணிப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று மாவட்டந்தோறும் இருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோட்டை மாற்ற அதன் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அதன் கையில் அதிகம் இல்லை. மற்ற பெரும்பாலான முடிவுகள் மேயரிடமும் அவர் நியமிக்கும் சான்சலரிடமும் இருக்கின்றன. இந்த நிலை எப்படி வந்தது என்று விளக்குபவர்கள் வழக்கமாக ஊசலை உவமை காட்டுவார்கள். 1842இல் அதிகாரம் வார்டுகளுக்குப் போனது, 1896இல் மையத்துக்குத் திரும்பியது, 1969இல் மறுபடி பேட்டைகளுக்குப் போனது, 2002இல் மேயரிடம் வந்து சேர்ந்தது என்பார்கள். ஆண்டுகள் சரி. உவமைதான் தவறு. ஊசல் தன் எடையால் தானாக ஆடும். இங்கே ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ஒரு கூட்டம் தெருவில் நின்று தெளிவான ஒன்றைக் கேட்டிருக்கிறது. அந்தக் கோரிக்கையை மறுத்தவர்கள், அதற்கு ஈடாக ஒரு புது நிர்வாக அமைப்பை நீட்டினார்கள். பிள்ளைகளுக்காகக் கேட்கப்பட்ட பொருளின் இடத்தில் வாரியங்கள் வந்து உட்கார்ந்த கதையாகத்தான் இந்த வரலாற்றை நான் படிக்கிறேன்.

தொடக்கத்தில் அரசு என்று சொல்ல எதுவும் இல்லை. 1805இல் நகரத்து வணிகர்களும் குவேக்கர் சமயத்தாரும் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். பின்னாளில் மாநில ஆளுநராகி ஈரி கால்வாயை வெட்டிய டெவிட் கிளிண்டன்தான் அதன் முதல் தலைவர். 1806இல் முதல் பள்ளி திறந்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் நடத்திய முறையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்கள், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதாக இருக்காது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் இது. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் புகுத்தி, மாணவரையே ஆசிரியராக்கும் முறையை வளர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. பெல்லின் நூலுக்குத் தான் கடன்பட்டதை லங்காஸ்டரும் எழுதியிருக்கிறார். இருவரில் முன்னோடி யார் என்ற சண்டை இங்கிலாந்தில் நெடுநாள் நடந்தது. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஊர் வாத்தியாருக்கு ஒத்தாசை. நியூயார்க்கில் அதே ஏற்பாடு செலவைக் குறைக்கும் பொறியாகிவிட்டது. ஏழைக்குக் கல்வி தரலாம், ஆனால் மலிவாகத் தர வேண்டும் என்ற எண்ணம் அந்த நகரத்தின் பள்ளிகளில் அன்றே ஊன்றிவிட்டது.

1826இல் இந்தச் சங்கம் தன்னைப் பொதுப் பள்ளிச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயரில்தான் பொது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது சங்கமே. மக்கள் ஓட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் மாநிலம் பள்ளிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் நகரத்தின் பங்கு பெரும்பாலும் இந்தத் தனியார் சங்கத்துக்கே போனது. இதற்கிடையே அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சங்கத்தின் வகுப்புகளில் படிக்கப்பட்டது புராட்டஸ்டன்ட் பைபிள். பாடநூல்களில் கத்தோலிக்கர்களை வஞ்சகர்களாகச் சித்திரித்த பகுதிகள் இருந்தன. ஐரிஷ் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவே மறுத்தார்கள். 1840இல் மாநில ஆளுநர் வில்லியம் சீவர்ட் ஒரு யோசனை சொன்னார்: குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி பேசும், அவர்கள் சமயத்தைச் சேர்ந்த ஆசிரியர்களைக் கொண்ட பள்ளிகள் அமைக்கலாம் என்றார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு ஆயர் ஜான் ஹியூஸ் நகரமன்றத்துக்குப் போனார். நாங்களும் வரி கட்டுகிறோம், எங்கள் பள்ளிகளுக்கும் அந்தப் பணத்தில் பங்கு தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. சங்கத்தின் வழக்கறிஞர்களும் புராட்டஸ்டன்ட் போதகர்கள் பலரும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கத்தில் ஹியூஸ் தன்னந்தனியாக மணிக்கணக்கில் வாதாடினார். சங்கம் ஒரு சமரசத்துக்கு வந்தது: புண்படுத்தும் வரிகளைச் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம் என்றது. நகரமன்றம் ஹியூஸின் மனுவை நிராகரித்தது.

விவகாரம் ஆல்பனியில் இருந்த மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனது. 1842இல் வந்த சட்டம் இரு தரப்பையும் தோற்கடித்தது. பொதுப் பள்ளிச் சங்கத்தின் தனியுரிமை போயிற்று. அதன் பள்ளிகளுக்குப் பக்கத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் கல்வி வாரியம் முளைத்தது. வார்டுக்கு இரண்டு ஆணையர்கள், அவர்களுக்குக் கீழே ஆய்வாளர்கள், அறங்காவலர்கள் என்று அமைப்பு விரிந்தது. சமயப் பாடம் நடத்தும் எந்தப் பள்ளிக்கும் பணம் கிடையாது என்று அதே சட்டம் சொன்னதால் ஹியூஸ் கேட்டதும் கிடைக்கவில்லை. சட்டம் நிறைவேறிய அந்த ஏப்ரலில், தேர்தல் இரவன்று ஒரு கும்பல் ஹியூஸின் வீட்டின் மீது கல்லெறிந்தது. இனி அரசிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்த ஹியூஸ், கோவில்களைக் கட்டும் முன் பள்ளிகளைக் கட்டுங்கள் என்று தன் மக்களிடம் சொல்லி, தனியாகக் கத்தோலிக்கப் பள்ளிகளை எழுப்பத் தொடங்கினார். பொதுப் பள்ளிச் சங்கம் 1853இல் தன் கட்டடங்களை வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தது. வார்டு முறையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரிஷ்காரர்கள் நிறைந்த வார்டுகளில் அறங்காவலர்கள் பைபிள் வாசிப்பை ஓசையில்லாமல் கைவிட முடிந்தது. ஜெர்மானியர்கள் வாழ்ந்த இடங்களில் ஜெர்மன் கற்றுத்தர முடிந்தது. ஆனால் அந்த நன்மை தெருவைப் பொறுத்தது. எந்த வார்டிலும் பெரும்பான்மையாக இல்லாத கறுப்பின மக்களுக்கு அது எதையும் தரவில்லை. அவர்களுக்காக 1787இல், இலவசப் பள்ளிச் சங்கம் பிறப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, அடிமை ஒழிப்பாளர்கள் ஆப்பிரிக்க இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். 1834இல் அது பொதுப் பள்ளிச் சங்கத்தின் கைக்குப் போனது. கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த தனிப் பள்ளிகளை மாநிலச் சட்டம் தடுத்தது 1900இல்தான்.

அரை நூற்றாண்டு ஓடியது. நடுவில் டுவீட் என்ற அரசியல் முதலாளியின் குழு 1871இல் வாரியத்தை ஒழித்துப் பள்ளிகளை மேயரின் துறையாக்கியது. அந்தக் குழு கவிழ்ந்ததும் 1873இல் வாரியம் மீண்டது. பிறகு 1890களில் சீர்திருத்தக்காரர்கள் வந்தார்கள். பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவரான நிக்கலஸ் மரே பட்லர் அவர்களில் முன்னணியில் நின்றார். வார்டு அறங்காவலர்கள் படிப்பறிவு குறைந்தவர்கள், வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள், பள்ளி என்பது வல்லுநர்களின் காரியம் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்தார்கள். தங்களைத் தெரிந்தவர்கள், கதவைத் தட்டினால் திறப்பவர்கள், அந்தந்த வார்டின் பிள்ளைகளை அறிந்தவர்கள் போய்விடுவார்களே என்று அஞ்சினார்கள். எதிர்ப்பை மீறி 1896இல் அறங்காவலர் பதவிகள் ஒழிந்தன. 1898இல் ஐந்து நகர்ப்பகுதிகளும் ஒன்றாகி இன்றைய நியூயார்க் பிறந்தபோது, அயர்லாந்தில் பிறந்து புரூக்ளின் பள்ளிகளை நிர்வகித்துவந்த வில்லியம் மேக்ஸ்வெல் முழு நகரத்துக்கும் கண்காணிப்பாளரானார். இருபது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

என் வாதத்துக்கு இடறலான சான்று இங்கேதான் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனின் நெருக்கடியான குடியிருப்புகளில் யூத, இத்தாலியக் குடும்பங்கள் கேட்டது ஓர் இருக்கை. பள்ளியில் இடமில்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் அரைநாள் முறையில் படித்தார்கள். மையப்படுத்திய நிர்வாகம் அந்த இருக்கையைத் தந்தது. பள்ளிக் கட்டடங்களின் கண்காணிப்பாளராக 1891 முதல் 1923 வரை இருந்த சி.பி.ஜே. ஸ்னைடர் நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கட்டினார். மூலைமனை வாங்கப் பணம் போதாத இடத்தில், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே கிடைத்த மனையில், எச் எழுத்து வடிவில் கட்டடத்தை எழுப்பினார்; நடுவில் இரண்டு முற்றங்கள், வகுப்புகளுக்குள் வெளிச்சமும் காற்றும், பிள்ளைகளுக்கு ஓட இடம். சில இன்றும் பள்ளிகளாகவே நிற்கின்றன. இதைச் செய்தது வல்லுநர் ஆட்சி என்பது உண்மை. ஆனால் கட்டடங்களை எழுப்பியது வாரியத்தின் வடிவமா, அதனுடன் வந்த பணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நகரம் கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டியது, மனைகள் வாங்கியது, அதனால் பள்ளிகள் எழுந்தன. பணம் இல்லாமல் வாரியம் மட்டும் மாறியிருந்தால் அரைநாள் வகுப்பு அரைநாள் வகுப்பாகவே இருந்திருக்கும். கேட்டதைக் கொடுத்த இந்த ஒரு முறைதான் நிர்வாக மாற்றம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

மேக்ஸ்வெல் காலத்து இன்னொரு ஏற்பாடும் நீண்ட நிழல் விரித்தது. 1898இல் அமைந்த தேர்வாளர் குழு தேர்வு வைத்துத் தரவரிசைப் பட்டியல் போட்டது. பட்டியலில் இருப்பவரே ஆசிரியராக, தலைமையாசிரியராக ஆக முடியும். வார்டு அரசியலின் சிபாரிசுக்கு எதிரான நல்ல கவசம் அது. ஐரிஷ்காரர்களுக்குப் பின் யூதக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் அந்தத் தேர்வின் வழியாகவே ஆசிரியரானார்கள். பெருமந்தக் காலத்தில் அது அவர்களுக்குப் பிழைப்பும் மானமும் கொடுத்தது. ஆனால் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடும்பங்களும் பெருகி வந்த பிறகு, அதே பட்டியல் அவர்களுக்குச் சுவராக நின்றது. பாதிக்குப் பாதி மாணவர்கள் வெள்ளையர் அல்லாதவர்களாக ஆன பிறகும் தலைமையாசிரியர் நாற்காலிகளில் அவர்களைக் காண்பது அரிது. அந்தத் தேர்வுமுறை பாகுபாடான விளைவைத் தருகிறது என்று 1971இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. குழு கலைந்தது 1990இல். ஒரு தலைமுறைக்கு நீதியாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு அநீதியானதை இரு தரப்பும் நேர்மையாகவே உணர்ந்தார்கள். 1968இன் சண்டை அவ்வளவு கசந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் சான்றளித்த உளவியலாளர் கென்னத் கிளார்க் நியூயார்க்கிலேயே வாழ்ந்தவர். பிரிவினை தெற்கின் நோய் மட்டும் இல்லை, ஹார்லெம் பள்ளிகளையும் பாருங்கள் என்று அதே ஆண்டு சொன்னார். வாரியம் குழு போட்டது, குழு பரிந்துரைத்தது, பரிந்துரை அலமாரிக்குப் போனது. பத்து ஆண்டு காத்திருந்த பிறகு 1964 பிப்ரவரி 3ஆம் தேதி, புரூக்ளின் போதகர் மில்டன் கேலமிசன் தலைமையில், பேயார்ட் ரஸ்டின் ஒழுங்கமைக்க, 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. நகரத்து மாணவர்களில் கிட்டத்தட்ட பாதி. முந்தைய ஆண்டு வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசக் கேட்டுக் கூடியவர்களைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் வரலாற்றுப் பாடங்களில் இந்த நாளுக்கு இடம் குறைவு. அவர்கள் கேட்டது குழப்பமில்லாத ஒன்று: பிரிவினையை முடிக்க நாள் குறித்த ஒரு திட்டம். அடுத்த மாதமே சுமார் 15,000 வெள்ளையினப் பெற்றோர், பெரும்பாலும் தாய்மார்கள், புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஜோடி சேர்த்து மாணவர்களைக் கலக்கும் சிறு திட்டம்கூட அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த அமெரிக்க நாடாளுமன்றம், அந்த ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலேயே, இனச் சமமின்மையைச் சரிசெய்ய மாணவர்களை இடம் மாற்றுவதைப் பிரிவினை நீக்கம் என்று கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டது. வாரியம் சில ஜோடிகளோடு நின்றுகொண்டது.

இதற்குப் பின்தான், பள்ளிகளை அந்தந்தப் பேட்டை மக்களே நடத்த வேண்டும் என்ற 'சமூகக் கட்டுப்பாடு' முழக்கம் எழுந்தது. அதைக் கேட்டவர்களே கறுப்பினப் பெற்றோர்கள்தானே, கேட்டதைத்தானே 1969இல் கொடுத்தார்கள் என்பது என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி. நிகழ்ந்த வரிசையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1966இல் ஹார்லெமில் 201ஆம் இடைநிலைப் பள்ளி திறக்கத் தயாரானது. ஜன்னல்களே இல்லாத புதுக் கட்டடம். அது இனங்கள் கலந்த பள்ளியாக இருக்கும் என்று வாரியம் உறுதி தந்திருந்தது. அதைக் கட்டிய இடமோ ஹார்லெமின் நடுவில். வெள்ளையினப் பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் பள்ளியை எங்களிடம் விடுங்கள் என்றார்கள் பெற்றோர்கள். இனங்கள் கலந்த பள்ளிதான் முதல் கோரிக்கை. இரண்டாவது, முதலாவது கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை. அந்த இரண்டாவதையும் நகரம் முழுதாகத் தரவில்லை. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1967இல் மூன்று சோதனை மாவட்டங்கள் அமைந்தன. அவற்றில் ஒன்று புரூக்ளினின் ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுவும் அதன் நிர்வாகி ரோடி மெக்காயும் ஆசிரியர்களை நியமிக்க, மாற்ற, தங்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; எழுத்தில் விடை வரவில்லை. 1968 மே மாதம் அவர்கள் 19 பேருக்கு, ஆசிரியர்களும் தலைமைப் பொறுப்பிலிருந்தவர்களுமாக, இடமாற்றக் கடிதம் அனுப்பினார்கள். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இதை விசாரணையில்லாப் பணிநீக்கம் என்றார். அந்த இலையுதிர் காலத்தில் மூன்று வேலைநிறுத்தங்கள் வந்தன. மொத்தம் 36 பள்ளி நாட்கள் நகரமே முடங்கியது. யூத வெறுப்புத் துண்டறிக்கைகள் வெளிவந்தன. அவற்றைச் சங்கம் லட்சக்கணக்கில் அச்சடித்துப் பரப்பியது. அதே மாவட்டம் புதிதாக அமர்த்திய ஆசிரியர்களில் பலர் யூதர்கள் என்ற செய்தி அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஆசிரியருக்கு விசாரணை உரிமை வேண்டும் என்ற ஷாங்கரின் கட்சியில் நியாயம் இருந்தது. தம் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது என்பதில் பெற்றோருக்குச் சொல் வேண்டும் என்பதிலும் நியாயம் இருந்தது. அதிகாரத்தின் எல்லையை எழுதித் தராமல் இரண்டு நியாயங்களையும் மோதவிட்டவர்களை நான் பொறுப்பாளிகளாகப் பார்க்கிறேன்.

1969இல் சட்டமன்றம் அதிகாரப் பரவலாக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மூன்று சோதனை மாவட்டங்களும் கரைந்து போயின. நகரம் முப்பதுக்கும் சற்று மேற்பட்ட மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 1973 முதல் 32. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம். குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம் என்பது அதன் அருமையான அம்சம். ஆனால் வாரியங்களின் கையில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் மட்டுமே. உயர்நிலைப் பள்ளிகள், தேர்வாளர் குழு, ஊதிய ஒப்பந்தம், பணப்பெட்டி எல்லாம் மையத்திடம். சில ஆண்டுகளிலேயே 1975இன் நிதி நெருக்கடி வந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதிப்படி, போனவர்களில் புதிதாக வந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ ஆசிரியர்கள் ஏராளம். சமூகத்துக்குப் பள்ளியைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்தது இதைத்தான். 1970இல் நடந்த முதல் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டவர்கள் சுமார் ஏழில் ஒருவர். 1990களின் இறுதியில் அது ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு இறங்கியது.

அந்த வாரியங்கள் ஊழலில் மூழ்கின, ஆகவே 2002இல் ஒழித்தது சரியே என்று பலர் சொல்வார்கள். சில மாவட்டங்களில் வேலையை விற்றார்கள், கட்சிக்காரர்களுக்குப் பதவி பங்கு போட்டார்கள் என்பது விசாரணைகளில் நிரூபணமானது. 1996இல் சட்டம் அவர்களின் நியமன அதிகாரத்தைப் பெருமளவு பறித்தது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஏற்பாட்டில்தான் கிழக்கு ஹார்லெமின் 4ஆம் மாவட்டமும் இருந்தது. அங்கே கண்காணிப்பாளர் ஆண்டனி ஆல்வராடோ கொடுத்த இடத்தில் டெபோரா மெய்யர் 1974இல் சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் என்ற சின்னப் பள்ளியைத் தொடங்கினார். ஒரே கட்டடத்துக்குள் பல சின்னப் பள்ளிகள் என்ற எண்ணம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. மன்ஹாட்டனின் வடக்குக் கோடியில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியின் 6ஆம் மாவட்டமும் இருந்தது. டொமினிக்கக் குடும்பங்கள் நிறைந்த, இடம் போதாமல் பிதுங்கிய மாவட்டம். அதன் வாரியத் தலைவராக இருந்த ராபர்ட் ஜாக்சன், நகரப் பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணம் போதாது என்று வழக்குப் போடப் பெற்றோர்களைத் திரட்டினார். 1993இல் தொடுக்கப்பட்ட அந்த வழக்குதான் நியூயார்க் மாநிலத்தின் பள்ளி நிதிமுறையையே மாற்றியது. ஏழைப் பேட்டையின் வாரியம் கையில் சிறிது இடம் கிடைத்ததும் சரியான கோரிக்கையை, பணத்தை, நேராகக் கேட்டது. ஊழல் மாவட்டங்களை நினைவில் வைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2002 ஜூன் மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கிடம் பள்ளிகளை ஒப்படைக்கும் சட்டம் கையெழுத்தானது. அதே மாதம் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், எட்டாம் ஒன்பதாம் வகுப்பு அளவுக்குப் படிப்பு தந்தாலே மாநிலத்தின் கடமை தீர்ந்தது என்று ஜாக்சன் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாதத்தில் நிர்வாகம் கிடைத்தது, பணம் மறுக்கப்பட்டது. ஜாக்சன் ஆல்பனி வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தே போனார்; மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. அதன் பேரில் 2007இல் எழுதப்பட்ட நிதிச் சூத்திரம் முழுதாக நிறைவேறியது 2023–24 நிதியாண்டில்தான். வழக்குப் போட்ட அன்று முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல். மேயருக்கு அதிகாரம் மாற்ற ஒரு கூட்டத்தொடர் போதுமாக இருந்தது. இந்த வேறுபாடு எதனால் என்பதில் சதி ஏதும் தேட வேண்டியதில்லை. வாரியத்தை மாற்றுவதற்குச் செலவு இல்லை. யாருடைய தெருவிலும் பள்ளிப் பேருந்து புதிதாக வந்து நிற்காது. எந்தத் தொகுதியின் வரியும் வேறு தொகுதிக்குப் போகாது. கோபத்துக்கு விடை சொன்னதாகவும் ஆயிற்று. மாநிலச் சட்டமன்றம் நூற்றெண்பது ஆண்டுகளாக அந்த வழியை எடுத்ததன் காரணம் இவ்வளவு எளியது.

மேயரின் ஆட்சி பலன் தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தது. நான்கு ஆண்டுகளில் உயர்நிலைப் படிப்பை முடித்தவர்கள் 2005இல் பாதிக்கும் குறைவு. 2015இல் பத்துக்கு ஏழு பேர். இதில் மதிப்பீட்டு முறைகள் மாறியதன் பங்கும் உண்டு, வளர்ந்த நிதியின் பங்கும் உண்டு. என்றாலும் மிச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தோற்றுப்போன பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடி அவற்றின் கட்டடங்களில் சின்னப் பள்ளிகளைத் திறந்ததில் ஏழை மாணவர்கள் மெய்யாகவே நன்மை அடைந்தார்கள் என்று கவனமான ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த எண்ணம் பிறந்த இடம் 4ஆம் மாவட்டம். மேயர் அதைப் பெரிய அளவில் செய்ய வல்லவராக இருந்தார். அதே வல்லமைதான் 2004இல் மூன்றாம் வகுப்புத் தேர்ச்சி விதியை எதிர்த்து ஓட்டளிக்க இருந்த, பழைய வாரியத்தின் இடத்தில் அமைந்த கொள்கைக் குழுவின் உறுப்பினர்களை வாக்கெடுப்பு நாளிலேயே நீக்கவும் பயன்பட்டது. 2003இல் மாவட்டங்களை மேவிப் பத்து மண்டலங்கள் வந்தன, 2007இல் அவை போய் உதவி அமைப்புகள் வந்தன, பிறகு வலையமைப்புகள், 2015இல் மாவட்டக் கண்காணிப்பாளர்களுக்கே மறுபடி அதிகாரம். பதின்மூன்று ஆண்டுகளில் நடந்த இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும், இனத்தால் பள்ளிகள் பிரிந்து கிடப்பதில் நியூயார்க் மாநிலமே நாட்டில் முதலிடம் என்று 2014இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வொன்று அறிவித்தது. அதற்கு முக்கியக் காரணம் நகரம். கேலமிசன் கேட்டதை எந்த மண்டலமும் எந்த வலையமைப்பும் கையில் எடுக்கவே இல்லை.

எடுத்த ஒரு மாவட்டம் உண்டு. புரூக்ளினின் 15ஆம் மாவட்டத்தில் பார்க் ஸ்லோப்பின் வசதியான பழுப்புக்கல் வீடுகளும், ரெட் ஹுக்கின் அரசுக் குடியிருப்புகளும், மெக்சிகர்களும் சீனர்களும் வாழும் சன்செட் பார்க்கும் ஒரே கோட்டுக்குள் வருகின்றன. அங்குள்ள 11 நடுநிலைப் பள்ளிகளும் மதிப்பெண், வருகைப்பதிவு, நேர்முகம் என்று சலித்தெடுத்தே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துவந்தன. பெற்றோர், ஆசிரியர், மாணவர் கூட்டங்கள் மாதக்கணக்கில் நடந்த பிறகு 2018இல் நகரம் அந்தச் சலித்தெடுப்பு முழுவதையும் நிறுத்தியது. புதிய வாரியம் எதுவும் அமையவில்லை. சட்டமன்றத்துக்கும் யாரும் போகவில்லை. 2019 செப்டம்பரில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இடம் குலுக்கலில் கிடைத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் 52 சதவீத இடங்களுக்கு ஏழைக் குடும்பத்தவர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர், தங்க வீடில்லாதவர் ஆகியோருக்கு முன்னுரிமை. அந்த முதல் ஆண்டிலேயே ரெட் ஹுக், சன்செட் பார்க் பிள்ளைகளுக்கு அதுவரை எட்டாதிருந்த பள்ளிகளின் கதவு திறந்தது.